மேற்கு ஜன்னல்

வணக்கம். உங்களோடு ரேடியோவில் பேச செங்கோட்டையிலிருந்து வந்திருக்கிறேன். கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. 2020இல் ஊரடங்கு வந்தபோது பஜார் ஆபீஸைக் காலி செய்து வீட்டுக்குள் வந்தவள், அப்புறம் திரும்பிப் போகவே இல்லை. மாதா மாதம் 11ஆம் தேதி ஒரு ரிட்டர்ன், 20ஆம் தேதி இன்னொன்று. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடக்கூட இடம் கிடையாது, எல்லாம் பில் கட்டுதான். பின்னறையை ஆபீஸாக மாற்றலாம் என்று ஓர் இன்டீரியர் டிசைனரைக் கூப்பிட்டோம். புனலூர்ப் பெண், என் மகள் வயது. பாதித் தமிழ், பாதி மலையாளம். 1956 நவம்பர் வரை எங்கள் ஊரே அந்தப் பக்கம்தானே இருந்தது, நமக்கு அது ஒரு கஷ்டமா?

டிசைனர் என்றால் கலர் சொல்வாள், கர்ட்டன் காட்டுவாள் என்றுதான் நினைத்தேன். போனில் ஏழெட்டுப் படம் எடுத்து வைத்திருந்தேன். எல்லாவற்றிலும் ஜன்னலைப் பார்த்த மேசை, மேலே ஒரு பூந்தொட்டி. பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. "சேச்சி, நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க, நான் இங்கே இருக்கேன்" என்று மூலையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். டேப்பைக்கூட வெளியே எடுக்கவில்லை! மூன்று மணிக்கு உட்கார்ந்தவள் ஐந்து வரைக்கும் எழுந்திருக்கவில்லை. மணிக்கணக்குக்குக் கூலியோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடைசியில்தான் வாயைத் திறந்தாள்: "இந்த ஜன்னலை எப்போ சேச்சி திறந்தீங்க?"

யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகமே இல்லை. அது மேற்கு ஜன்னல். ஆனி ஆடியில் கணவாய்க்காற்று சாரலை அள்ளி வந்து உள்ளே கொட்டும் என்று சாத்தியது, மாசியில் சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கிறது என்று மறுபடி சாத்தியது, கொக்கி துருவேறிப் போச்சு. தேங்காயெண்ணெய் விட்டு சுத்தியலால் இரண்டு தட்டு தட்டித் திறந்தோம். காய்ந்த குளவிக்கூடு ஒன்று உதிர்ந்து கீபோர்டில் விழுந்தது. இத்தனை வருடம் பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன், பாருங்கள்.

அவள் சொன்னது இதுதான். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசும், முதுகைக் காட்டினால் வெளிச்சம் திரையில் அடிக்கும். ஆக, ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். வலக்கையால் எழுதுகிறவர் என்றால் இடப்பக்கம், அப்போதுதான் கை நிழல் தாளில் விழாது. வண்டி ஓட்டிக்கொண்டு கேட்கிறவர்களுக்காக இன்னொரு முறை: எதிரேயும் வேண்டாம், பின்னாலேயும் வேண்டாம், பக்கத்தில். அப்படிப் போட்டதில் நான் வடக்கு பார்த்து உட்கார்ந்தேன். என் மாமியாருக்கு ஒரே சந்தோஷம், "குபேர திசை, வாஸ்து தெரிஞ்ச பொண்ணு" என்கிறார். அவள் வாஸ்துவே பார்க்கவில்லை என்று நான் இன்றுவரை சொல்லவில்லை, இப்போது ரேடியோவில் கேட்டிருப்பார். சாரலுக்கு, ஜன்னலுக்கு வெளியே இரண்டடிக்கு ஓட்டுச் சாய்ப்பு இறக்கினாள். ஆடியிலும் ஒரு கதவு திறந்துதான் இருக்கிறது.

அடுத்து, பைல் எத்தனை என்றாள். கொஞ்சம்தான் மோளே என்றேன். விடவில்லை, எண்ணச் சொன்னாள். ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், அது சட்டம். கட்டிலுக்கடியில், மச்சில், பீரோ மேலே என்று இறக்கி எண்ணினால் 214! படத்தில் பார்த்த திறந்த ஷெல்ஃப் எங்கள் ஈரத்துக்கு உதவாது, ஒரே மழைக்காலத்தில் பைல் பூஞ்சை பிடித்துவிடும். கதவு போட்ட அலமாரி, அதுவும் மேற்குச் சுவரை ஒட்டாமல்.

நேரம் முடிகிறது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். பலகை விஷயம்தான் நிறைய வைத்திருந்தேன், சரி, சுருக்கமாக. பிளைவுட் வாங்கும்போது, ஈரம் தாங்கும் பலகைக்கான ஐஎஸ் 710 தர முத்திரை இருக்கிறதா பாருங்கள், முதலில் மலிவாகச் செய்த என் மேசை ஊதித் தோசை மாதிரி மடிந்தது. ப்ளக் பாயின்ட்டை மேசைக்கு மேலே வையுங்கள். பணத்தை வேலை முடிய முடியப் பிரித்துக் கொடுங்கள். சுவர்க் கலரா? அதைக் கடைசி நாள் பத்து நிமிடத்தில் முடித்தோம். வணக்கம்.