பிளக்ட் நிக்கல் பாக்ஸ் கிடைச்சிருச்சு! மைல்ஸ் டேவிஸை ஏன் லைவ்லதான் கேட்கணும்?

வணக்கம் மக்களே! இன்னிக்கு கார்லயே உட்கார்ந்து பேசுறேன். காரணம் இதோ. இருங்க, வெளிச்சம் பட்டு மினுக்குது, கொஞ்சம் சாய்ச்சுக் காட்டுறேன். தெரியுதா? மைல்ஸ் டேவிஸ், த கம்ப்ளீட் லைவ் அட் த பிளக்ட் நிக்கல் 1965. ஜாஸ் ட்ரம்பெட் மேதை மைல்ஸ், பிளக்ட் நிக்கல்ங்கிற சிகாகோ கிளப்ல வாசிச்சது, எட்டு சிடி. 1995ல கொலம்பியா ரெகார்ட் கம்பெனி போட்ட பாக்ஸ். என் கையில இருக்கு!

நம்ம சேனலை ரொம்ப நாளா பார்க்கிறவங்களுக்கு இது எனக்கு எவ்ளோ பெரிய விஷயம்னு தெரியும். எந்த ஊருக்குப் போனாலும் பழைய புத்தகக் கடையில சிடி அலமாரி முன்னாடி போய் உட்கார்ந்துக்குவேன், வீட்டுக்காரரு வெளியில நின்னு போன் பார்த்துட்டு இருப்பாரு. இந்தத் தடவை எங்க கிடைச்சது தெரியுமா? ஜாஸ் அலமாரியிலயே இல்ல. கிறிஸ்துமஸ் பாட்டு சிடிங்க இருக்கிற தட்டுல, கடைசியில. டிசம்பர்ல ரெகார்ட் பண்ணினதுன்னு அட்டையில பார்த்துட்டு யாரோ அங்க வச்சிருக்கணும். ஸ்டிக்கர்ல 24 டாலர். ஆன்லைன்ல நான் பார்த்தப்பல்லாம் நூறு டாலருக்கு மேல. மூலை கொஞ்சம் கிழிஞ்சிருக்குல்ல, இதோ இங்க, இதை பில் போடுற அம்மாகிட்ட காட்டினேன். அவங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நல்லா பார்த்தாங்க. "20 குடுங்க போதும்"னாங்க. 20 டாலர்! எட்டு டிஸ்க்! ஒரு டிஸ்க்குக்கு ரெண்டரை டாலர். எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு காபி அதைவிட அதிகம். அங்கயே நின்னு ஒவ்வொரு டிஸ்க்கா எண்ணிப் பார்த்தேன். எட்டும் இருக்கு. உள்ள இருக்கிற புக்லெட்டும் இருக்கு. வெளிய வந்து வீட்டுக்காரரைக் கட்டிப் பிடிச்சிட்டேன்.

"போன்லயே கேட்கலாமே"ன்னு கேட்பீங்க. கேட்டேன், வருஷக்கணக்கா. ஆனா என் போன்ல ஒரு டிராக் முடிஞ்சு அடுத்தது வர்றதுக்கு நடுவுல சின்னதா ஒரு வெட்டு விழும். மைல்ஸுக்கு அந்த வெட்டு ஆகவே ஆகாது. அந்தக் காலத்துல அவரு ஒரு பாட்டை முடிச்சு நிறுத்தி, கைதட்டு வாங்கி, "அடுத்து நாங்க வாசிக்கப்போறது"ன்னு மைக்ல சொல்ற ஆளே இல்ல. ஒரு பாட்டோட வால்லயே அடுத்த பாட்டோட முதல் ரெண்டு நோட்டை ஊதிடுவாரு. பேண்டு அந்த ரெண்டு நோட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடணும். அந்தத் தாவுற இடத்தைக் கேட்கத்தான் எனக்கு சிடி வேணும். இந்தக் காரை ஏன் இன்னும் விக்காம வச்சிருக்கேன்னு அடிக்கடி கேட்பீங்கல்ல? இதுல சிடி ப்ளேயர் இருக்கு. அவ்ளோதான்.

சரி, இந்த வீடியோ போடணும்னு வெறி வந்ததுக்கு இன்னொரு காரணம் இருக்கு. போன வாரம் ஒரு பாட்லக்ல, அதான் ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவர்ற விருந்துல, ஒரு அண்ணா, நல்ல மனுஷர்தான், பேச்சுவாக்குல சொன்னாரு: "மைல்ஸ் ஸ்டுடியோ ஆல்பம் ஓகேம்மா. லைவ்ல சுத்த மோசம். ஆடியன்ஸுக்கு முதுகைக் காட்டிட்டு நிப்பாரு, நோட்டு உடையும், பாதியில மேடையை விட்டே இறங்கிப் போயிடுவாரு. கைண்ட் ஆஃப் ப்ளூ கேட்டா போதும்." எனக்கு வாயில வச்ச வடை இறங்கல. கைண்ட் ஆஃப் ப்ளூ, அவரோட 1959 ஸ்டுடியோ ஆல்பம், அற்புதம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அதைக் காபிக் கடையில மெதுவா பின்னால ஓடவிட்டுட்டு, மைல்ஸ்னா இவ்ளோதான்னு நினைக்கிறது இருக்கே, அது எனக்கு அறவே பிடிக்காது. அந்தப் பாட்டுங்களையே மேடையில அவரு என்ன பண்ணினாருன்னு கேட்கணும். 1959ல ஸ்டுடியோவுல நிதானமா நடந்த அதே "சோ வாட்", 1964ல நியூயார்க் மேடையில நாலு கால் பாய்ச்சல்ல ஓடும்.

முதுகு காட்டுறதை முதல்ல பேசிடலாம். அவரு பேண்டைப் பார்த்துத் திரும்பி நிக்கிறாரு. ஆர்க்கெஸ்ட்ரா நடத்துறவரு கச்சேரி முழுக்க நமக்கு முதுகைத்தான் காட்டுறாரு, அவரை யாரும் திமிர் பிடிச்சவருன்னு சொல்றதில்ல. மைல்ஸே இந்த விளக்கத்தைச் சொல்லியிருக்காரு. டிரம்ஸ்காரரோட குச்சி எங்க விழுதுன்னு பார்த்துக்கிட்டுதான் அவரால அடுத்த நோட்டை முடிவு பண்ண முடியும். இன்னொருத்தர் சோலோ வாசிக்கும்போது மேடையை விட்டு இறங்குறது? நம்ம கண்ணு அந்த வாசிக்கிறவர் மேல போகட்டும்னுதான். நான் அதை மரியாதையாத்தான் பார்க்கிறேன்.

அப்புறம் அந்தச் சிரிக்காத முகம். 1959 ஆகஸ்ட், கைண்ட் ஆஃப் ப்ளூ கடைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. நியூயார்க்ல பேர்ட்லேண்ட் கிளப், வெளிய போர்டுல இவரு பேரு. இடைவேளையில ஒரு வெள்ளைக்காரப் பொண்ணை டாக்ஸி ஏத்திவிட்டுட்டு வாசல்ல நிக்கிறாரு. போலீஸ் வந்து இங்க நிக்காதேங்கிறான். நான் இங்க வாசிக்கிற ஆளுங்கிறாரு. மண்டையிலயே அடி. ரத்தம் சட்டையெல்லாம். அந்த மனுஷன் மறுபடி மேடை ஏறி நம்மளைப் பார்த்துப் பல்லைக் காட்டணும்னு எப்படி எதிர்பார்க்கிறோம்? அவரு குடுக்க வேண்டியதை ட்ரம்பெட்ல குடுத்துட்டாரு.

இப்ப பாக்ஸுக்கு வர்றேன். 1965 டிசம்பர் 22, 23. புதன், வியாழன். நம்ம சிகாகோவுல ஓல்ட் டவுன் ஏரியா, வெல்ஸ் ஸ்ட்ரீட். பிளக்ட் நிக்கல்னு ஒரு கிளப், பெரிய அரங்கமெல்லாம் இல்ல. முதல் ராத்திரி மூணு செட், அதாவது இடைவேளை விட்டு விட்டு மூணு சுத்து, ரெண்டாவது ராத்திரி நாலு செட், ஏழு செட்டும் டேப்ல இருக்கு. நடுவுல ஜனங்க பேசுற சத்தம், கிளாஸ் சத்தம் எல்லாம் கேட்கும். கையில கிளாஸ் வச்சிக்கிட்டு பக்கத்து மேஜையில பேசிட்டு இருந்தவங்களுக்கு, ரெண்டடி தள்ளி என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிருக்குமா! அந்த ரூம்ல ஒரு நாற்காலிக்கு நான் என்ன வேணா குடுப்பேன்.

அந்த வருஷம் மைல்ஸுக்கு எப்படின்னா, ஏப்ரல்ல இடுப்புல ஆபரேஷன். தேறி வரும்போது கால் உடைஞ்சு திரும்ப ஆஸ்பத்திரி. நவம்பர்லதான் மறுபடி மேடை. ட்ரம்பெட்ங்கிறது உதட்டுல வாசிக்கிற கருவி மக்களே. ஊதுற காத்துல உதடு அதிரணும், அதுதான் சத்தமாகுது. மேல போற நோட்டுக்கு உதட்டோரச் சதை இறுகிப் பிடிக்கணும். மாசக்கணக்கா வாசிக்காம விட்டா அந்தச் சதை தளர்ந்துடும். அதனால இந்த ரெகார்டிங்ல நோட்டு உடையுது. ஆமா, உடையுது. அந்த அண்ணா சொன்னது நிஜம். ஆனா உடையுற இடத்துல அவரு என்ன பண்றாருன்னு அண்ணா கேட்கவே இல்ல! மேல போக முடியலன்னா பாதுகாப்பா கீழ இறங்கி அழகா வாசிச்சிட்டுப் போயிருக்கலாம். 39 வயசு, ஏற்கெனவே உலகப் புகழ், யாரு கேட்கப்போறா? இவரு திரும்பத் திரும்ப அந்த உயரத்துக்கே போறாரு. எட்டலன்னா அந்த எட்டாத சத்தத்தையே இழுத்து, வளைச்சு, அதுலருந்து அடுத்த வாக்கியத்தைத் தொடங்குறாரு. அரை வரி ஊதிட்டு நிறுத்துவாரு. அந்த நிறுத்தத்துல பேண்டு முழுக்க என்ன நடக்குமோன்னு நிக்கும். எனக்கு அப்படியே மயிர்க்கூச்செறியும்.

அய்யோ, பேண்டு யாருன்னே சொல்லல பாருங்க. டெனர் சாக்ஸ், அதாவது சாக்ஸஃபோன், வெய்ன் ஷார்ட்டர், பியானோ ஹெர்பி ஹான்காக், பாஸ் ரான் கார்ட்டர், டிரம்ஸ் டோனி வில்லியம்ஸ். டோனிக்கு அந்த மாசம்தான் 20 வயசு முடியுது. 17 வயசுல மைல்ஸ்கிட்ட வந்து சேர்ந்த பையன்! இந்த ரெண்டு ராத்திரியோட விதையே அவரு போட்டதுதான். சிகாகோவுக்கு வரும்போது டோனி மத்தவங்ககிட்ட ஒரு யோசனை சொல்றாரு. நம்மகிட்ட என்ன எதிர்பார்க்கிறாங்களோ அதைத் தவிர மத்ததை வாசிப்போம். சோலோ உச்சத்துக்குப் போகுதா, டிரம்ஸ் அடங்கிடணும். அமைதியா முடியப்போகுதா, அங்க வெடிக்கணும். ஹெர்பி தன் சுயசரிதையில இதை எழுதியிருக்காரு. கிளப்புக்கு வந்து பார்த்தா ரெகார்டிங் மெஷின் நிக்குது! ஆல்பமா வரப்போகுது. இப்பவும் பண்ணணுமா? பண்ணணும். மைல்ஸ்கிட்ட யாரும் சொல்லல.

யோசிச்சுப் பாருங்க. உதடு இன்னும் முழுசா திரும்பல, கூட வாசிக்கிற நாலு பேரும் காலுக்குக் கீழ இருக்கிற பலகையை உருவுறாங்க, டேப் வேற ஓடுது. மைல்ஸ் வாசிப்பை நிறுத்தல, யாரையும் அதட்டல. உள்ள குதிச்சிட்டாரு. இதுக்காகத்தான் நான் அவரோட ரசிகை.

வாசிச்ச பாட்டும் பெரும்பாலும் பழசு. "இஃப் ஐ வேர் எ பெல்", "ஸ்டெல்லா பை ஸ்டார்லைட்", "வாக்கின்", எல்லாம் வருஷக்கணக்கா வாசிச்சது. அந்த வருஷம் வந்த இ.எஸ்.பி. ஆல்பத்துலருந்து "அஜிட்டேஷன்" ஒண்ணு மட்டும்தான். புதுப் பாட்டுல புதுமை பண்றது யாரும் பண்ணுவாங்க. எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டைப் பிரிச்சுப் போடணும்னா தைரியம் வேணும். இந்த டேப் முழுசும் அவரு உயிரோட இருந்த வரைக்கும் வெளிய வரல, அதுதான் எனக்குத் தாங்கல. 1976ல முதல்ல ஜப்பான்ல கொஞ்சம், அப்புறம் அமெரிக்காவுல துண்டு துண்டா. மைல்ஸ் 1991 செப்டம்பர்ல போயிட்டாரு. முழு பாக்ஸ் அதுக்கப்புறம்தான்.

ஆங், மூணாவது டிஸ்க் கதை! நேத்து ராத்திரி அது ஒரு இடத்துல திக்க ஆரம்பிச்சிருச்சு. டிக் டிக் டிக் டிக். எனக்கு உயிரே போயிருச்சு, 20 டாலர் பாக்ஸ்ல இதுதான் போச்சோன்னு. வெளிய எடுத்து, கண்ணாடி துடைக்கிற மெத்துத் துணியில நடுவுலருந்து ஓரத்துக்கு நேர்கோடா துடைச்சேன். வட்டமா துடைக்கவே கூடாது, அது கோடு போட்டா ஒரே பாதையில நீளமா போகும், ப்ளேயரால தாண்ட முடியாது. நேர்கோடா துடைச்சு, வாயால ஊதாம, கொஞ்ச நேரம் காயவிட்டுப் போட்டேன். ஓடிருச்சு! முழுசா! ராத்திரி கார்ல தனியா உட்கார்ந்து கைதட்டினேன்.

வேற எந்த லைவ் கேட்கலாம்னு கேட்பீங்க. 1964 பிப்ரவரி 12, நியூயார்க் ஃபில்ஹார்மானிக் ஹால். மிசிசிப்பி, லூசியானாவுல கறுப்பின மக்களை வாக்காளரா பதிவு பண்றதுக்கான நிதிக் கச்சேரி. மைல்ஸ் சம்பளத்தை விட்டுக் குடுத்தாரு, பேண்டுல இருந்தவங்களுக்கும் அன்னிக்குச் சம்பளம் இல்ல, மேடை ஏறுறதுக்கு முன்னாடி அதுல பெரிய வாக்குவாதம். அந்தக் கோபத்தோடயே போய் வாசிக்கிறாங்க. மெதுவான பாட்டெல்லாம் "மை ஃபன்னி வேலன்டைன்" ஆல்பம், வேகமானதெல்லாம் "ஃபோர் அண்ட் மோர்". ஒரே ராத்திரின்னு நம்பவே முடியாது. ஆ, அதுல சாக்ஸ் வெய்ன் இல்ல, ஜார்ஜ் கோல்மன். அவரை யாரும் அவ்ளோ பாராட்டுறதில்ல, எனக்கு அது வருத்தம்.

ஒசாகா 1975, பிப்ரவரி 1: மதியக் கச்சேரி "அகார்ட்டா", சாயங்காலக் கச்சேரி "பாங்கேயா". எலெக்ட்ரிக் கிட்டார், வா-வா பெடல், அதாவது சத்தத்தை "வா வா"ன்னு வளைக்கிற கால் பெடல், போட்ட ட்ரம்பெட். சிலருக்கு இது பிடிக்காது. எனக்கு உயிர். தனி வீடியோவே போடுறேன்.

பாக்ஸ் கேட்கிறவங்க முதல் டிஸ்க்ல முதல் டிராக், "இஃப் ஐ வேர் எ பெல்"ல தொடங்குங்க. ஹெர்பி பியானோவுல மணி அடிக்கிற மாதிரி ஆரம்பிப்பாரு. அதைக் கேட்டு முடிச்ச கையோட, ரெண்டாவது ராத்திரி முதல் செட்ல வர்ற அதே பாட்டைப் போடுங்க. நடுவுல வேற எதுவும் கேட்காதீங்க. பாட்டு ஒண்ணுதான், ஆளுங்க அதே அஞ்சு பேர்தான், ஒரே ஒரு ராத்திரிதான் வித்தியாசம். டோனி எங்க அடங்குறாரு, மைல்ஸ் எங்க நிறுத்துறாருன்னு மட்டும் கவனிங்க. எனக்கு ரெண்டாவது ராத்திரிதான். வீட்டுக்காரரு முதல் ராத்திரிங்கிறாரு, காலையிலருந்து சண்டை. நீங்க எந்தப் பக்கம்னு கேட்டுட்டுச் சொல்லுங்க. நான் நாலாவது டிஸ்க்கைப் போடப்போறேன். வர்றேன் மக்களே.