செவுள் எத்தனை முறை திறக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் கடல் மீன் வளர்க்கும் நண்பர்கள் ராத்திரி 10 மணிக்கு மேல் போன் செய்தால், எடுப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும். "மீன் ஒரு மாதிரியா இருக்கு, என்ன மருந்து ஊத்தலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "நிமிடத்துக்கு மூச்சு எத்தனை?" அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எண்ணுவது சுலபம். மீன் ஓரிடத்தில் நிற்கும்போது, செவுள் மூடி 15 விநாடியில் எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று பார்த்து நாலால் பெருக்கினால் போதும். இனத்துக்கு இனம், மீனுக்கு மீன் இந்தக் கணக்கு மாறும். அதனால் அடுத்தவர் சொல்லும் எண் உங்களுக்கு உதவாது. மீன் நன்றாக இருக்கிற நாளிலேயே எண்ணி, ஒரு சீட்டில் எழுதித் தொட்டியின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

என் கோமாளி மீனுக்குச் சீட்டில் எழுதியிருந்தது 70. ஒரு ராத்திரி எண்ணிப் பார்த்தால் 130. உடம்பில் ஒரு புள்ளி கிடையாது, துடுப்பு கிழியவில்லை. ஆனால் படுக்கும் மூலையை விட்டுவிட்டு, பம்பு தண்ணீரைப் பீய்ச்சும் இடத்துக்கு நேர் எதிரே வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தது. அந்த மீனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

செவுளையே ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறேன் என்று கேட்பீர்கள். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது பழமொழி. கடல் மீனின் பாடு அதைவிட மோசம், அது குடிக்கிற தண்ணீரே உப்பு. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. எலும்புள்ள கடல் மீன்களின் ரத்தத்தில் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் உடம்பின் நீர் ஓயாமல் வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஈடுகட்ட மீன் கடல் நீரைக் குடிக்கிறது, கூடவே உள்ளே போன உப்பைச் செவுளில் இருக்கும் தனி உயிரணுக்கள் வெளியே தள்ளுகின்றன. மூச்சும் அங்கேதான். அமோனியாக் கழிவு வெளியேறுவதும் பெரும்பாலும் அங்கேதான். நுரையீரலையும் சிறுநீரகத்தின் பாதி வேலையையும் ஒரே இடத்தில் வைத்ததுபோல. அங்கே ஒட்டுண்ணி குடியேறினாலோ, உடம்பின் வழவழப்பு உரிந்துபோனாலோ, தண்ணீருக்குள் இருந்தபடியே மீன் வறண்டுபோகும்.

ஆகவே முதல் ஒரு மணி நேரத்துக்கு மருந்துப் பெட்டியைத் தொடவேண்டாம். விளக்கை அணையுங்கள். பம்பின் வாயைக் கொஞ்சம் மேலே திருப்பி நீர்ப்பரப்பு நன்றாக அலையும்படி செய்யுங்கள், காற்றுக்கல் இருந்தால் போடுங்கள். நன்னீரைவிடக் கடல் நீர் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். சூடு ஏறினால் அதுவும் குறையும். அப்புறம் அளந்து பாருங்கள்: வெப்பம், உப்பளவு, அமோனியா, பி.எச். எனக்கு வரும் போன்களில் கணிசமானவை இங்கேயே முடிந்துவிடும். ஹீட்டர் அணையாமல் மாட்டிக்கொண்டிருக்கும். அல்லது ஆவியான தண்ணீருக்கு ஈடாக நன்னீர் ஊற்ற மறந்து, உப்பு ஏறிப்போயிருக்கும்.

இன்னொன்று, அடிதடி. தொட்டியின் மேல்மூலையில் ஹீட்டருக்குப் பின்னால் ஒரு மீன் ஒண்டிக்கொண்டிருந்தால், துடுப்பின் ஓரம் கந்தலாக இருந்தால், அரை மணி நேரம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். யார் விரட்டுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். விரட்டுகிறவரைத் துளை போட்ட பெட்டிக்குள் சில நாள் அடைத்துவைப்பதுதான் அதற்கு மருந்து.

புதிதாக வந்த மீனுக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். நெடுநேரம் பையில் பயணம் செய்த மீன் விட்ட கரியமில வாயுவால் அந்தத் தண்ணீரின் பி.எச். இறங்கியிருக்கும். அதனால் அதில் சேர்ந்த அமோனியா அவ்வளவாக விஷமில்லாத வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது, அமோனியா விஷமாக மாறுகிறது. பொறுமையாகப் பழக்குகிறோம் என்று தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, பைத் தண்ணீரிலேயே இரண்டு மணி நேரம் விட்டுவைப்பது மீனுக்குச் செய்யும் கெடுதல். புது மீனை முதலில் விடும் தனித் தொட்டியின் உப்பளவை முன்கூட்டியே பையின் அளவுக்குச் சரிசெய்து வைத்துக்கொண்டு, மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும் திறந்து, மீனை மட்டும் மாற்றிவிடுங்கள்.

சரி, நோய்க்கு வருவோம். வெண்புள்ளி நோய் எல்லோருக்கும் தெரியும், தூள் உப்பைத் தூவியதுபோல இருக்கும், புள்ளிகளை எண்ணிவிடலாம். சில நாளில் புள்ளி உதிர்ந்து மீன் பளிச்சென்று ஆகிவிடும். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று அப்போது மருந்தை நிறுத்தினால் தொலைந்தோம். ஒட்டுண்ணி செத்துப் போகவில்லை, தின்று கொழுத்துத் தரைக்கு இறங்கியிருக்கிறது. அங்கே கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்காகப் பிரிந்து, மறுபடி மீனைத் தேடி வரும். சில கூடுகள் வெடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் எல்லா மீன்களையும் வெளியே எடுத்துவிட்டு, பெரிய தொட்டியைப் பத்துப் பதினோரு வாரம் மீனில்லாமல் ஓட்டச் சொல்கிறார்கள். பவளங்களும் நத்தைகளும் அங்கேயே இருக்கலாம், அவற்றின் மேல் இந்த ஒட்டுண்ணி பிழைக்காது.

வெல்வெட் நோய் வேறு ரகம். புள்ளிகள் சலித்த மாவைப் போல அவ்வளவு பொடி. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால்தான் தோலில் மினுக்கும். அது தோலுக்கு வரும்முன் செவுளைத் தின்று முடித்திருக்கும், ஓரிரு நாளில் மீன் போய்விடும். கோமாளி மீன்களை அதிகம் தாக்கும் ப்ரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி நோயில் தோல் வழுவழுவென்று திட்டுத்திட்டாக உரியும். அதற்குக் காப்பர், அதாவது செம்பு கலந்த மருந்து, கேட்காது, ஃபார்மலின்தான். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துக் கையாள வேண்டிய சரக்கு அது.

வெண்புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் காப்பர் கேட்கும். ஆனால் பெரிய தொட்டியில் ஊற்றக்கூடாது. நான் ஊற்றினேன், முதல் வருஷத்தில். காலையில் பார்த்தால் சுத்தம் செய்யும் இறால் சுருண்டு கிடந்தது, நத்தைகள் கண்ணாடியை விட்டு மல்லாந்திருந்தன. இத்தனைக்கும் மீன் குணமாகவில்லை. பாறையும் பவள மணலும் காப்பரை உறிஞ்சிவிட்டதால் தண்ணீரில் மருந்தின் அளவு சரிந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரித் தொட்டி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். வெறும் கண்ணாடித் தொட்டி, மணல் இல்லை, பாறை இல்லை. ஹீட்டர், ஏர் பம்பு, ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி எல்போ, அதாவது வளைந்த குழாய்த் துண்டு. என் மீன் அந்த எல்போவில் வாலை உள்ளே விட்டு முகத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றைப் பெரிய தொட்டியிலேயே எப்போதும் ஊறப்போட்டு வைத்திருந்தால், அமோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியா அதில் தயாராக இருக்கும். இல்லையென்றால் நோயைவிட அமோனியா முந்திக்கொள்ளும். ஃபில்டரில் கார்பன் (கரி) இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தைத் தின்றுவிடும். அமோனியாவைக் கட்டும் திரவத்தைக் காப்பரோடு சேர்க்காதீர்கள், சில வகைகள் காப்பரை இன்னும் கொடிய விஷமாக்கும். தண்ணீர் மாற்றும்போது புதுத் தண்ணீரிலும் அதே அளவு மருந்து கலந்திருக்க வேண்டும். காப்பரில் இரண்டு வகை உண்டு, ஒன்றுக்கு வேண்டிய அளவு மற்றதற்கு வேண்டியதைப்போலப் பல மடங்கு. சீசாவில் இருப்பதைப் படிக்காமல் கண்ணளவில் ஊற்றுகிறவர்கள் இங்கேதான் கவிழ்கிறார்கள்.

நன்னீர்க் குளியல் எனக்குப் பிடித்த முதலுதவி. வெப்பமும் பி.எச்.சும் தொட்டியோடு ஒத்துப்போகும் நன்னீர், குளோரின் நீக்கியது, காற்றுக்கல் போட்டது. அதில் ஐந்து நிமிடம், மீன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல். மீன் சாய்ந்து படுத்தால் பயந்துவிடாதீர்கள், பல மீன்கள் அப்படிப் படுக்கும். துள்ளித் தவித்தால் உடனே எடுத்துவிடுங்கள். தோலில் தட்டைப்புழு இருந்தால் அது வெளுத்து வாளியின் அடியில் உதிர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். செவுளுக்குள் புகுந்ததை இது முழுக்க எடுக்காது, கொஞ்சம் மூச்சு வாங்க இடம் கொடுக்கும், அவ்வளவுதான்.

என் கோமாளி மீனுக்கு அன்று ராத்திரியே இந்தக் குளியலைக் கொடுத்து, ஆஸ்பத்திரித் தொட்டிக்கு மாற்றிக் காப்பரைத் தொடங்கினேன். அதுவும் வெல்வெட்தான், மறுநாள் டார்ச் வெளிச்சத்தில் மாவு தெரிந்தது. மூன்று நாள் அது எதையும் தொடவில்லை. போட்ட தீனியை எல்லாம் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தேன். நாலாவது நாள் மூச்சு 96. உயிருள்ள ஆர்ட்டீமியாவை, மீன் தீனியான பொடி இறால் வகையை, எல்போவின் வாயருகே விட்டேன். ஒன்று மூக்குக்கு முன்னால் துடித்துக்கொண்டே போனது, மீனின் கண் மட்டும் அதன் பின்னால் திரும்பியது. வாய் திறக்கவில்லை. கண் திரும்பியதே போதும் என்று அன்று தூங்கப் போனேன்.

ஏழாவது நாள் குழாயைத் துடைக்கக் கையை விட்டபோது பாய்ந்து வந்து விரலைக் கடித்தது. நலமாக இருக்கும் கோமாளி மீன் கடிக்கும். சீட்டை எடுத்துவந்து எண்ணினேன், 72.

நன்றி, வணக்கம்.