‘பிக்கப் பண்ண முடியுமா?’

வணக்கம், நேயர்களே.

‘சாயங்காலம் என்னை ஸ்டேஷன்ல பிக்கப் பண்ண முடியுமா?’ இந்தக் கேள்வி நம் வீடுகளில் சர்வ சாதாரணம். பிக்கப் பண்ணு, டிராப் பண்ணு, ஆன் பண்ணு, ஆஃப் பண்ணு. இங்கிலீஷ் பேச வராது என்று கூச்சப்படுகிறவர்கள்கூட நாளெல்லாம் இவற்றைப் புழங்குகிறார்கள். அவர்களிடமே இதை முழுக்க இங்கிலீஷில் கேட்கச் சொன்னால், ‘கேன் யூ பிக்கப் மீ?’ என்று வரும். இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் ‘கேன் யூ பிக் மீ அப்?’ என்பார். அந்த ‘மீ’ நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

‘பிக்’ ஒரு சொல், ‘அப்’ இன்னொரு சொல். இரண்டும் சேர்ந்தால் தனிப் பொருள். இந்த வகைக்கு ஃபிரேசல் வெர்ப் என்று பெயர். தமிழுக்குள் கொண்டுவந்தபோது நாம் இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக்கி, பின்னால் ‘பண்ணு’ போட்டுக்கொண்டோம். தமிழுக்கு அது சௌகரியம். ஆனால் ஒட்டியது பிரியாது என்று காது பழகிவிட்டது. இங்கிலீஷில் அது பிரியும். மீ, ஹிம், இட், தெம் போன்ற குட்டிச் சொற்கள் வந்தால் பிரிந்தே ஆக வேண்டும்: ‘டர்ன் இட் ஆஃப்’, ‘டிராப் தெம் ஆஃப்’, ‘கால் மீ பேக்’. பொருளின் பெயரையே சொன்னால் இரண்டு விதமும் சரி. ‘டர்ன் ஆஃப் த ஃபேன்’ என்றாலும் ஆயிற்று, ‘டர்ன் த ஃபேன் ஆஃப்’ என்றாலும் ஆயிற்று. எல்லாமே இப்படிப் பிரியுமா என்றால், பிரியாது. ‘லுக் ஆஃப்டர் ஹிம்’தான், ‘லுக் ஹிம் ஆஃப்டர்’ கிடையாது. எது பிரியும், எது பிரியாது என்பது பெரும்பாலும் கேட்டுக் கேட்டுப் பழகுகிற விஷயம்.

‘ஆஃப் த ஃபேன்’ என்று சொல்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பிழையின் மேல் கொஞ்சம் மதிப்பே உண்டு. ‘டர்ன்’ஐக் கைவிட்டுவிட்டு ‘ஆஃப்’ஐ மட்டும் பிடித்துக்கொண்டோம் என்றால், பொருளின் பாரம் எங்கே இருக்கிறது என்று சரியாகத்தான் பிடித்திருக்கிறோம். டாக்டர் சாமுவேல் ஜான்சன் 1755இல் தமது ஆங்கில அகராதியை வெளியிட்டபோது, அதன் முன்னுரையிலேயே இந்தச் சேர்க்கைகளைத்தான் அந்நியருக்குப் பெரும் சிரமம் தருபவை என்று எழுதினார். ஆகவே நாம் தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி வாக்கியத்தின் முன்பக்கத்துக்கு வருவோம். கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷுட், வில், வுட் எல்லாம் மோடல் வெர்ப். முடியும், லாம், வேண்டும் என்று நாம் வினையின் வாலில் வைப்பதை அவர்கள் தலையில் வைக்கிறார்கள். மோடலுக்கு அடுத்து வரும் வினை வெறும் வினையாக நிற்க வேண்டும். ‘மஸ்ட் டு கோ’ இல்லை, ‘வில் பிக்ஸ் அப்’ இல்லை. ‘கேன் ஏபிள் டு’வும் இல்லை, ‘கேன்’ என்றாலே முடியும் என்றுதானே பொருள்! விதி இவ்வளவுதான், பத்து நிமிஷத்தில் மனப்பாடம் ஆகிவிடும்.

சிக்கல் பொருளில் இருக்கிறது. தமிழில் ‘ணும்’ என்ற ஒரே ஈற்றை வைத்துக்கொண்டு நாம் எத்தனை வேலை வாங்குகிறோம்! ‘நான் கிளம்பணும்’ என்றால் கிளம்ப ஆசை, கிளம்பியே ஆக வேண்டிய கட்டாயம், கிளம்பினால் நல்லது என்ற யோசனை, எல்லாம் அதற்குள் அடக்கம். எது என்பதை நம் முகமும் குரலும் சொல்லிவிடும். இங்கிலீஷில் தனித்தனிச் சொல் எடுக்க வேண்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மேலதிகாரியிடம் லீவு கேட்கிறீர்கள். ‘ஐ ஷுட் லுக் ஆஃப்டர் மை மதர்’ என்றால், ‘பார்த்துக்கொள்வதுதான் முறை’ என்பதுபோல ஒரு தயக்கம் அதில் தொனிக்கும். வேறு வழியில்லை என்று சொல்ல வேண்டுமானால், ‘ஐ ஹேவ் டு லுக் ஆஃப்டர் மை மதர்’. ‘ஹேவ் டு’ இலக்கணப்படி மோடல் அல்ல, ஆனால் அன்றாடப் பேச்சில் பாதி வேலையை அதுதான் செய்கிறது.

‘வேண்டாம்’ இன்னும் ஆபத்து. வீட்டுக்குப் போகிறோம், பெரியவர் ஒருவர் எழுந்திருக்கப் பார்க்கிறார். ‘நீங்க எழுந்திருக்க வேண்டாம்’ என்கிறோம். இதை ‘யூ மஸ்ட் நாட் கெட் அப்’ என்று சொன்னால், படுக்கையை விட்டு எழவே கூடாது என்று வைத்தியர் தடை போட்ட மாதிரி ஆகிவிடும். ‘யூ டோன்ட் ஹேவ் டு கெட் அப்’ என்பதே நாம் நினைத்தது. ‘மஸ்ட்’ எப்போதுமே கடுமையான சொல் என்றும் எண்ணிவிட வேண்டாம். ‘யூ மஸ்ட் கம் ஓவர்’ என்றால் ‘கண்டிப்பா வீட்டுக்கு வரணும்’ என்ற அதே அன்பான அழைப்புதான்.

நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசும்போது நம் ‘ணும்’ இன்னொரு வேடிக்கை காட்டும். ‘அவர் தாம்பரத்துல இறங்கியிருக்கணும்.’ இதைக் கேட்டால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? ஆளைக் காணோம், அனேகமாகத் தாம்பரத்தில் இறங்கிவிட்டிருப்பார் என்ற ஊகமாக இருக்கலாம். தாம்பரத்தில் இறங்காமல் தப்புப் பண்ணிவிட்டார் என்ற அங்கலாய்ப்பாகவும் இருக்கலாம். ஒன்றில் ஆள் இறங்கிவிட்டார், மற்றதில் இறங்கவே இல்லை. இங்கிலீஷில் ஊகத்துக்கு ‘ஹி மஸ்ட் ஹேவ் காட் ஆஃப்’, அங்கலாய்ப்புக்கு ‘ஹி ஷுட் ஹேவ் காட் ஆஃப்’. அந்த ‘ஹேவ்’ வேகமான பேச்சில் ‘அவ்’ என்று தேய்ந்துவிடும்: மஸ்டவ், ஷுடவ். படங்களில் வசனம் பிடிபடாமல் போக இதுவும் ஒரு காரணம்.

மரியாதை விஷயத்துக்கு வருகிறேன். நமக்கு ‘ங்க’ இருக்கிறது. ‘கொஞ்சம் லைன்ல இருங்க’ என்றால் போதும், கட்டளைக்கு உடனே பணிவு வந்துவிடும். இங்கிலீஷுக்கு அந்த வசதி கிடையாது, எல்லோரும் ‘யூ’தான். அந்தப் பணிவைப் பெரும்பாலும் மோடல்களே சுமக்கின்றன. ‘ஹோல்ட் ஆன்’ என்று மொட்டையாகச் சொன்னால் நண்பனுக்குச் சரி, வாடிக்கையாளருக்குச் சரிப்படாது. ‘குட் யூ ஹோல்ட் ஆன், ப்ளீஸ்?’ என்றால் அதில் ஒரு ‘ங்க’ வந்துவிடும். ‘குட்’ என்பது ‘கேன்’னின் இறந்த காலம் என்று பள்ளியில் படித்தது இங்கே உதவாது, இது இந்த நிமிஷத்தில் கேட்கிற உதவி. ‘வுட் யூ ஃபில் இன் திஸ் ஃபார்ம்?’ என்பதும் அப்படியே.

கடைசியாக, வானொலியில் மட்டுமே நன்றாகச் சொல்லக்கூடிய ஒன்று. நான் இரண்டு வாக்கியம் சொல்கிறேன், கேளுங்கள். ‘ஐ க்ன் கால் யூ பேக்.’ ‘ஐ கேன்ட் கால் யூ பேக்.’ முதலாவதில் ‘கேன்’ பாதி விழுங்கப்பட்டுவிட்டது. அழுத்தம் ‘கால்’ மேலும் ‘பேக்’ மேலும் விழுகிறது. இரண்டாவதில் ‘கேன்ட்’ முழுசாக ஒலிக்கிறது. அமெரிக்கர்கள் அந்தக் கடைசி ‘ட்’டைப் பல நேரம் வெளியே விடுவதில்லை. நாமோ எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பழகியவர்கள், ‘ஐ கேன்’ என்று அழுத்திச் சொல்வோம். முடியும் என்றுதான் சொல்கிறோம், அவர் காதில் முடியாது என்று விழுந்துவிடும். அழுத்தத்தை ‘கேன்’ மேலிருந்து எடுத்து ‘பேக்’ மேல் போட்டுப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவர் சொன்னதில் உங்களுக்குச் சந்தேகம் வந்தால், கூச்சப்படாமல், ‘ஸோ ஷுட் ஐ வெயிட் ஃபார் யுவர் கால்?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.