ஏடிஎம் அட்டையும் உபாகமம் 24ஆம் அதிகாரமும்

எல்லாருக்கும் வணக்கம். சபையாருக்கு ஸ்தோத்திரம். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து பேசுகிறேன். மூத்தவர்களுக்குப் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் வாய்க்கு வரும். பின்னால் லாரிச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஆலைக்குப் போகிற நேரம் இது. மலேசியாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நட்டது இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல். ஆகையால் இந்தச் சத்தத்துக்கு எங்களைவிட வயது அதிகம்.

"நான் கிறிஸ்தவன் இல்லை, இந்தக் காணொளியைப் பார்க்கலாமா?" என்று சிலர் கேட்பதுண்டு. தாராளமாகப் பாருங்கள். இன்று பேசப்போவது கடன், கூலி, ஜாமீன் கையெழுத்து. இவற்றுக்கு மதம் கிடையாது.

அன்றாட வாழ்க்கைக்கு வேதம்தான் வழிகாட்டி என்று எல்லாச் சபைகளிலும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் அந்த வழிகாட்டி எங்கே இருக்கிறது? புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வரிசையில் நின்று எடுத்த, ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. காரின் பின்கண்ணாடியில் சங்கீதம் 91 ஒட்டியிருக்கிறது. வேதாகமமோ அலமாரியின் மேல்தட்டில், பழைய மின்கட்டண ரசீதுகளுக்குத் துணையாக இருக்கிறது. அட்டை எடுப்பது தவறு என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அட்டை இருக்கிறது. அந்த ஒரு வசனத்தோடு அந்த ஆண்டுக்கான வேத வாசிப்பு முடிந்துவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தச் சங்கீதம் 91ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். உன் பாதம் கல்லில் இடறாதபடி தூதர்கள் உன்னைக் கைகளில் ஏந்துவார்கள் என்ற வாக்கு அதில் இருக்கிறது. அருமையான வாக்கு. மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் இதை மேற்கோள் காட்டுகிறவன் யார்? பிசாசு! இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, குதி, வசனம் இருக்கிறதே என்கிறான். வாக்குத்தத்த வசனத்தை அவன் நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். இயேசு அவனுக்குக் கொடுத்த மூன்று பதில்களும் எங்கிருந்து வந்தவை? மூன்றும் மோசேயின் ஐந்தாம் புத்தகமான உபாகமத்திலிருந்து. 8ஆம் அதிகாரத்திலிருந்து ஒன்று, 6ஆம் அதிகாரத்திலிருந்து இரண்டு. எந்த அட்டையிலும் உபாகமம் அதிகமாக வருவதில்லை. ஆண்டு முழுவதும் வேதம் வாசிக்கத் தொடங்கியவர்கள் லேவியராகமத்திலேயே களைத்து நின்றுவிடுகிறார்கள், உபாகமம் வரை வந்து சேர்வதே இல்லை.

அதனால் இன்று உபாகமம் 24ஐத் திறக்கிறேன். முழு அதிகாரமும் இருபத்திரண்டு வசனங்கள்தான். தேநீர் ஆறுவதற்குள் வாசித்துவிடலாம்.

ஆறாம் வசனம்: "திரிகையின் அடிக்கல்லையாவது அதின் மேற்கல்லையாவது ஒருவரும் அடகாக வாங்கக்கூடாது, அது ஜீவனை அடகு வாங்குவதுபோலாகும்."

திரிகையை இன்று யார் அடகு வைக்கிறார்கள் என்று தாண்டிப் போய்விடுவோம். கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் காலத்து ஏழை வீட்டில் அன்றன்றைக்கு மாவு அரைத்தால்தான் அப்பம். கல்லைக் கொண்டுபோய்விட்டால் அன்றிரவு அடுப்பு இல்லை. கடனைத் திருப்பித்தர அவன் வேலைக்குப் போகவேண்டும், போக வயிற்றில் ஏதாவது இருக்கவேண்டும், அதற்கு வழி செய்கிற பொருளையே பிடுங்கி வைத்துக்கொண்டு "கடனைக் கொடு" என்றால் எப்படி?

இப்போது நம் தோட்டப்புறத்துக்கு வாருங்கள். கடன் கொடுக்கிறவர் அடகாகக் கேட்பது என்ன? ஏடிஎம் அட்டை. கூடவே ரகசிய எண். எங்கள் வட்டாரத்தில் ஒருவருடைய மேசை இழுப்பறையை ஒருமுறை பார்க்க நேர்ந்தது. சீட்டுக்கட்டைப் போல ரப்பர் வளையம் போட்ட அட்டைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை ஒட்டுத்தாள், அதில் நீல மையில் ஆறு எண்கள், ஓரத்தில் பெயரின் முதலெழுத்து. சம்பள நாளன்று அவரே போய் எல்லாவற்றையும் வரிசையாகச் செருகிப் பணம் எடுத்து, தன் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியை உரியவரிடம் கொடுப்பார். சில மாதங்களில் மீதி என்று ஒன்று இருக்காது. சம்பாதித்தவர் தன் சம்பளத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை. இதுதான் திரிகைக்கல். மூவாயிரம் ஆண்டுப் பழைய சட்டம் இதை ஜீவனை அடகு வாங்குவது என்கிறது.

உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரருக்கு நம் நாட்டுச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அடகு உள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, அடகு இல்லாத கடனுக்கு 18 விழுக்காடு. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுகிற ஆலோங்கிடம் போனால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. கட்டத் தவறினால் வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றுவார்கள். அதே அதிகாரத்தின் 10, 11ஆம் வசனங்களைப் பாருங்கள். கடன் கொடுத்தவன் அடகு வாங்கக் கடன்பட்டவன் வீட்டுக்குள் போகக்கூடாது, வெளியே நிற்கவேண்டும், கடன்பட்டவனே அதைக் கொண்டுவந்து கொடுப்பான். கடன்பட்டவனுக்கும் ஒரு வாசல் உண்டு, அந்த வாசலுக்கு மரியாதை உண்டு. ஏழை போர்வையை அடகு வைத்திருந்தால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும், அவன் அதைப் போர்த்திக்கொண்டு உறங்கவேண்டுமல்லவா? சபையில் கை உயர்த்தித் துதித்துவிட்டு, திங்கட்கிழமை இழுப்பறையில் அடுத்தவர் அட்டையை வைத்திருப்பவர்கள் இந்த வசனத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியவில்லை.

கடன் கொடுக்கிறவருக்கு உபாகமம் என்றால், கையெழுத்துப் போடுகிறவருக்கு நீதிமொழிகள். மச்சான் கார் வாங்குகிறார், ஜாமீன் கையெழுத்து ஒன்று போடு என்கிறார். போடாவிட்டால் தங்கை வீட்டில் முகம் கொடுக்கமுடியாது. நீதிமொழிகள் 22இன் கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. திருப்பிக் கட்ட உன்னிடம் ஒன்றுமில்லாவிட்டால், நீ படுத்திருக்கிற படுக்கையை ஏன் அவன் எடுத்துப் போகவேண்டும்? எவ்வளவு கண்முன்னே நிற்கிற கேள்வி! 6ஆம் அதிகாரம், ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவருக்கு. வேடன் கையில் அகப்பட்ட மானைப் போலத் தப்பித்துக்கொள், தூங்காதே, மானம் பார்க்காமல் நண்பனிடம் போய்க் கெஞ்சு என்கிறது. பாட்டி சொல்வதுபோல இருக்கிறது.

2017இல் திவால் சட்டத்தைத் திருத்தியபோது, லாபம் கருதாமல் குடும்பத்தார் வீட்டுக்கடனுக்கோ படிப்புக்கோ சொந்தக் காருக்கோ ஜாமீன் நின்றவரைத் திவாலாக அறிவிக்கமுடியாது என்று ஆக்கினார்கள். நல்ல மாற்றம். ஆனால் கடன் உங்கள் தலையிலிருந்து இறங்கிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை, வங்கி உங்களிடம் கேட்கலாம். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ஏகேபிகேக்குப் போங்கள். பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம் அது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. முழங்காலில் நின்று ஜெபியுங்கள், எழுந்ததும் வங்கிக் கடிதங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். "நண்பனிடம் போ" என்று சொன்ன நீதிமொழிகள் "வீட்டில் உட்கார்ந்து காத்திரு" என்று சொல்லவில்லை.

இனி கூலி. இங்கே யாருக்காவது உறைத்தால் நல்லது. உபாகமம் 24இன் 14, 15ஆம் வசனங்கள்: ஏழையும் எளியவனுமான கூலிக்காரனை ஒடுக்காதே, அவன் உன் சகோதரனானாலும் சரி, உன் ஊர்வாசலில் இருக்கிற அந்நியனானாலும் சரி. அவன் கூலியைப் பொழுது போகுமுன்னே கொடுத்துவிடு. நம் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் முதலாளிக்கு ஏழு நாள் தவணை கொடுக்கிறது. மோசேயின் சட்டம் கொடுப்பது சூரியன் மறைகிறவரை.

இந்த வசனத்தைக் கேட்டதும் நாம் தோட்ட நிர்வாகத்தைத்தான் நினைப்போம். பாட்டன் காலத்துக் கங்காணியை நினைப்போம். நினைக்கக் காரணமும் உண்டு. ஆனால் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதியில் வீடு வாங்கி வந்துவிட்ட பிறகு நாமும் கூலி கொடுக்கிறவர்கள் ஆகிவிட்டோம். வீட்டுப் பின்புறத்தில் புல் வெட்ட ஒரு வங்காளதேசத் தம்பி வருகிறான். வெயிலில் வெட்டி முடித்து, இயந்திரத்தை அணைத்துவிட்டு, முகத்துணியை அவிழ்த்துக்கொண்டு வாசலில் நிற்கிறான். "சில்லறை இல்லை, அடுத்த வாரம் வா" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. பேசப்பட்ட தொகை ஐம்பது வெள்ளி, அதாவது ரிங்கிட். அடுத்த வாரம் நாற்பது கொடுத்து, "ஓரத்தில் சரியாக வெட்டவில்லை" என்கிறார்கள். அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? அவன் கர்த்தரை நோக்கி முறையிடுவான், அது உன்மேல் பாவமாகும் என்று 15ஆம் வசனம் முடிகிறது. முறையிடுகிறவன் எந்த மொழியில் முறையிடுகிறான் என்று அங்கே பார்ப்பதாகத் தெரியவில்லை.

19 முதல் 21 வரை அறுவடை. மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, ஒலிவ மரத்தை இரண்டாம் முறை உதிர்க்காதே, மீந்தது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கிற செம்பனைப் பழத்தைப் பொறுக்கிக்கொள்ள இதில் அனுமதி இருக்கிறது என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். கட்டளை வயல்காரனுக்கு. நமக்கு வயல் இல்லை, முருங்கை மரம் இருக்கிறது. அடுத்த தெருப் பாட்டி கேட்காமலே பறித்துக்கொள்ளும்படி வேலிப்பக்கக் கிளையை விட்டுவையுங்கள், போதும்.

இப்போது ஒருவர் கேட்பார்: அப்படியானால் அதிகாரத்தை அப்படியே வரிவரியாகப் பின்பற்றவேண்டியதுதானா? முதல் வசனத்தைப் பாருங்கள். மனைவியைத் தள்ளிவிட நினைப்பவன் எழுதிக்கொடுக்கும் தள்ளுதற்சீட்டைப் பற்றியது. அதைக் காட்டித்தான் பரிசேயர் இயேசுவிடம் வாதாடினார்கள். உங்கள் இருதய கடினத்தினிமித்தம் மோசே இடங்கொடுத்தார், ஆதிமுதலாய் அப்படியிருக்கவில்லை என்றார் அவர். ஒரே அதிகாரத்துக்குள் இடங்கொடுத்ததும் இருக்கிறது, கட்டளையிட்டதும் இருக்கிறது. பிரித்துப் பார்க்கிற உழைப்பு நம்முடையது. நீதிமொழிகள் 26இல் மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் சொல்லாதே என்று நான்காம் வசனம், பதில் சொல் என்று ஐந்தாம் வசனம். அடுத்தடுத்து! எழுதினவருக்கு ஞாபக மறதியா? ஆளைப் பார்த்து, நேரத்தைப் பார்த்து முடிவெடு என்று நம்மிடமே விட்டிருக்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். அந்தக் குழுவுக்காகவே எழுதியதுபோல 27:14 வேறு இருக்கிறது. அதிகாலையில் எழுந்து உரத்த சத்தத்தோடு நண்பனை ஆசீர்வதித்தால் அது சாபமாக எண்ணப்படுமாம். காலை ஐந்து மணிக்குப் பூப்படம் அனுப்பும் பெரியப்பாக்கள் கவனிக்கவும்.

கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து, விரல் பட்ட இடத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எனக்கு அது பிடிக்காது. சபைப் பலகையில் எழுதும் பாட்டு எண்களைப் பார்த்து நாலு நம்பர் லாட்டரி எழுதுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டுக்கும் அதிக தூரம் இல்லை. எந்த வேலைக்குப் போவது, எந்தப் பெண்ணைக் கட்டுவது, கிள்ளானுக்கு மாறுவதா வேண்டாமா என்று வேதம் பெயர் சொல்லிச் சொல்லாது. போகிற இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று பக்கம் பக்கமாகச் சொல்கிறது.

அதிகமாக விற்பனையாகும் அட்டை எது தெரியுமா? என் கணிப்பு எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். திருமண மேடை முதல் பல்கலைக்கழக வாழ்த்து வரை இதுதான். இது ஒரு கடிதத்தின் நடுவரி. ஊரைவிட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று கைதட்டல் வாங்குகிறான். எரேமியா எழுபது வருடம் என்கிறார். அதுவரை என்ன செய்வது? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், கொண்டுபோகப்பட்ட பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். கப்பலேறி வந்து, லயத்தில் பிறந்து, தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமானுக்கு மாறிய நம் ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமான கடிதம் வேறு இல்லை. நாமோ அதில் பதினோராவது வசனத்தை மட்டும் கத்தரித்துக் காந்தத்தில் மாட்டியிருக்கிறோம். இந்த ஆண்டு அந்த அட்டை கிடைத்தவர்கள் 4 முதல் 14 வரை வாசித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

வாசிக்கத் தொடங்க எளிய வழி, நீதிமொழிகளில் அதிகாரம் முப்பத்தொன்று, மாதத்தில் நாள் முப்பத்தொன்று. இன்றைய தேதி எதுவோ அந்த அதிகாரம். பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால் புதியது ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போதகர் சொன்னதையும் நான் சொன்னதையும் சேர்த்தே சரிபாருங்கள். பெரோயா ஊரார் பவுலையே சரிபார்த்தார்கள், அப்போஸ்தலர் 17இல் அதற்காக அவர்களைப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறது.

ஆலையில் எனக்கு மதிய வேலை, கிளம்பவேண்டும். அடுத்த வாரம் உபாகமம் 25:13, பையில் இரண்டு விதமான நிறைகற்களை வைத்திருக்காதே என்ற வசனம். லாரிகளை எடைபோடுகிற வேலையில் இருப்பவன் நான், அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. மீன் சந்தையில் ஏமாந்தவர்கள் உங்கள் கதைகளை இப்போதே எழுதி அனுப்புங்கள், கடைக்காரர் பெயர் மட்டும் வேண்டாம்.