மூன்றாம் பாதையில் ஓடிய நாய்

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்பு நயம்படப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, இரண்டு மாதமாக விடாமல் அழைத்து என்னை இங்கே நிறுத்தியிருக்கும் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் குறிப்பேட்டோடு காத்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

பகுத்தறிவும் விலங்கியல்பும் என்பது தலைப்பு. மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: அரிஸ்டாட்டில் சொன்னது, டார்வின் சொன்னது, தொல்காப்பியம் சொன்னது.

செடிக்கு வளர்ச்சி, விலங்குக்கு அதோடு புலனுணர்வு, மனிதனுக்கு அவற்றோடு பகுத்தறிவு என்று அடுக்கினார் அரிஸ்டாட்டில். 'அவற்றோடு' என்பதைக் கவனியுங்கள். மேலே ஒன்று சேர்ந்ததால் கீழே இருந்தது கழிந்துபோகவில்லை. குழந்தை தடுக்கி விழுந்தால் தாய் யோசித்துவிட்டா எழுகிறாள்? தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்.

இங்கே ஒரு நாயின் கதை. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் கிரேக்க ஞானி கிறிசிப்பஸ் சொன்னதாக, பிற்காலத் தத்துவ ஆசிரியர் செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் எழுதி வைத்தது. வேட்டைநாய் ஒன்று இரையைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. நாக்கு தொங்குகிறது, விலா ஏறி இறங்குகிறது. பாதை மூன்றாகப் பிரிகிறது. இரையைக் காணோம். நாய் நிற்கிறது. முதல் பாதையில் மூக்கைத் தரையோடு வைத்து மோப்பம் பிடிக்கிறது. இல்லை. திரும்பி வருகிறது. இரண்டாவது பாதை. அங்கும் இல்லை. மூன்றாவது பாதையில் என்ன செய்தது தெரியுமா? மோந்துகூடப் பார்க்கவில்லை, பாய்ந்துவிட்டது! இதுவா, அதுவா, மற்றதா; இதுவல்ல, அதுவுமல்ல; ஆகவே மற்றது. இதைத் தர்க்கம் என்று வகுப்பில் நடத்துகிறோம். விலங்குக்குப் பகுத்தறிவு இல்லை என்று சாதித்தவர்கள் ஸ்தோயிக் என்ற தத்துவ மரபினர்; கிறிசிப்பஸும் அந்த மரபினர்தான். அவர்களுக்கே அந்த நாய் பெரிய சங்கடமாகிவிட்டது.

டார்வின் 1871இல், மனித மனத்துக்கும் உயர்விலங்கின் மனத்துக்கும் உள்ள வேறுபாடு அளவில்தான், வகையில் அல்ல என்றார். தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். டார்வினை இத்தோடு விடுகிறேன்.

நான் ஊர் ஊராகக் கேட்டு வருவது ஒன்றுதான். கொடுமை நடந்தால் 'மிருகத்தனம்' என்று எழுதுகிறோமே, அதை நிறுத்துங்கள். எந்தப் புலியும் பெயர்ப்பட்டியல் போட்டு, நாள் குறித்து, ஆள் அமர்த்திக் கொல்வதில்லை. அதற்குக் கணக்கு வேண்டும், திட்டம் வேண்டும். அது முழுக்கப் பகுத்தறிவின் வேலை. அடிக்க ஓங்கிய கை சில நேரம் தானே தயங்குகிறதே, அந்தத் தயக்கம்தான் நம்முள் இருக்கும் விலங்கு. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று நம் முன்னோர் கண்டது அதைத்தான்.

'மக்கள் தாமே ஆறறி வுயிரே' என்ற தொல்காப்பியர், அடுத்த அடியிலேயே 'பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே', அந்தக் கிளையில் பிறந்த பிற உயிர்களும் உண்டு, என்று கதவைத் திறந்து வைத்தார். அந்த ஆறாவது அறிவுக்கு அவர் வைத்த பெயர் மனம்.

பத்திரிகை ஆசிரியர்களுக்கு அனுப்பும் விண்ணப்பம் வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்திட்டுச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.