எத்தனை பேரில் எத்தனை பேர்? செய்திகளும் அடிப்படை விகிதமும்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேராசிரியப் பெருமக்களே, எனக்கு முன்னர் உரையாற்றி அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மையார் அவர்களே, அலுவல் நெருக்கடிக்கிடையிலும் வருகை தந்து முன்வரிசையைச் சிறப்பித்திருக்கும் பத்திரிகை ஆசிரியர்களே, செய்தியாளர்களே, பெரியோர்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இத்தகைய பொருளுக்கு இவ்வளவு பெரிய அவையைக் கூட்டிய அமைப்பாளர்களுக்கு என் நன்றி உரியது. பரிசோதனை முடிவுகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை மருத்துவர் அம்மையார் தொட்டுக்காட்டியது என் பணியில் ஒரு பகுதியைக் குறைத்துவிட்டது. அவருக்குத் தனியாக நன்றி சொல்கிறேன்.

மூன்று செய்திகளை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ‘இடர் இரு மடங்காயிற்று’ என்னும் செய்தி ஒன்று. ‘பாதிக்கப்பட்டவர்களில் பாதிப்பேர் இன்னார்’ என்னும் செய்தி மற்றொன்று. நீதிமன்றத்தில் சான்றாக வரும் எண்கள் மூன்றாவது. மூன்றிலும் ஒரே குறை உண்டு. மாற்றத்தைச் சொல்வார்கள், பங்கைச் சொல்வார்கள். தொடக்கத்தில் எத்தனை பேரில் எத்தனை பேருக்கு அது இருந்தது என்னும் அடிப்படை விகிதத்தைச் சொல்லமாட்டார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சொன்னார்கள். செய்தியில் வரும் சதவீதத்துக்கு அந்த ஆழம் அடிப்படை விகிதம்தான்.

1995ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரிட்டனில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், பொறுத்தருள வேண்டும். மருந்துப் பாதுகாப்புக்கான அரசுக் குழு ஓர் அவசர எச்சரிக்கையை வெளியிட்டது. மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் சிரைகளில் இரத்தம் உறையும் இடரை ஏறக்குறைய இரு மடங்காக்குகின்றன என்பது அதன் சாரம். மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் கடிதங்கள் பறந்தன. அவற்றுள் பல உரியவர் கையில் சேருமுன்னரே செய்தி ஊடகங்களில் வந்துவிட்டது. இரு மடங்கு என்றால் நூறு சதவீத உயர்வு. அந்தச் சொல்லைக் கேட்ட பெண்ணின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். தான் நாள்தோறும் விழுங்கும் மாத்திரை தன் உயிரை வாங்கிவிடும் என்றல்லவா அவள் அஞ்சியிருப்பாள்? எத்தனையோ பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அவர்களுக்குச் சொல்லப்படாத எண் எது தெரியுமா? பழைய மாத்திரையை உட்கொண்ட ஏறக்குறைய 7,000 பெண்களில் ஒருவருக்கு அந்நோய் வந்தது. புதிய மாத்திரையை உட்கொண்ட 7,000 பெண்களில் இருவருக்கு வந்தது. ஒன்று இரண்டாயிற்று, அதுதான் அந்த நூறு சதவீதம்.

விளைவு என்ன? அதற்கு முந்தைய ஆண்டுகளில் குறைந்துவந்த கருக்கலைப்புகள் 1996இல் மீண்டும் உயர்ந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவ்வாண்டில் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன என்று மதிப்பிடப்பட்டது. இதில் நெஞ்சை உறுத்துவது இன்னொன்று: கருவுறுதலும் மகப்பேறுமே இரத்தம் உறையும் இடரை அந்த மாத்திரையைக் காட்டிலும் அதிகமாக உயர்த்துகின்றன. சிறிய இடருக்கு அஞ்சி மாத்திரையைக் கைவிட்டவர்களில் பலர், அதே நோயின் பெரிய இடருக்குள் சென்றார்கள். குழு சொன்னது பொய்யன்று. ஊடகங்கள் எழுதியதும் பொய்யன்று. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொன்னால் மட்டும் போதாது, ஐயா. ஆழத்தை அளந்து சொல்லும் கடமை, அதை அறிந்தவர்களுக்கு உண்டு.

அடிப்படை விகிதத்தைக் கேட்பது அச்சத்தைத் தணிக்க மட்டுமே என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பத்துப் பேரில் ஒருவருக்கு வரும் நோய் ஐந்து சதவீதம் கூடினால், பத்து லட்சம் பேரில் 5,000 பேர் கூடுதலாக நோயுறுவார்கள். 7,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய் நூறு சதவீதம் கூடினாலும், அதே பத்து லட்சம் பேரில் கூடுவது ஏறக்குறைய 143 பேர்தான். முன்னது உள்பக்கத்தின் ஓரத்தில் வரும். பின்னது முதல் பக்கத்தில் வரும்.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் தடுப்பூசி போட்டவர்கள் என்று படிக்கிறோம். ஊசியால் பயனில்லை என்று முடிவு கட்டுகிறோம். ஆயிரம் பேர் உள்ள ஒரு கூட்டத்தில் 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள் என்று கொள்வோம். போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவரும் போடாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரும் மருத்துவமனைக்குச் சென்றால், முன்னவர் ஒன்பது பேர், பின்னவர் பத்துப் பேர். ஏறக்குறையச் சரிபாதி! ஆனால் ஊசி அந்த இடரைப் பத்தில் ஒன்றாகக் குறைத்திருக்கிறது. கற்றவர்களும் இவ்விடத்தில் வழுக்குகிறார்கள். 1978இல் வெளியான ஓர் ஆய்வில், ஹார்வர்டு மருத்துவப் பள்ளி சார்ந்த மருத்துவர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. ஆயிரத்தில் ஒருவருக்கு உள்ள நோயைக் கண்டறியும் சோதனை, நோயற்றவர்களில் ஐந்து சதவீதத்தினரையும் நோயாளி என்று காட்டுமானால், அப்படிக் காட்டப்பட்டவருக்கு உண்மையில் நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? ஆயிரம் பேரில் நோயாளி ஒருவர். தவறாகக் காட்டப்படுவோர் சுமார் ஐம்பது பேர். ஆகவே விடை ஏறக்குறைய இரண்டு சதவீதம். சரியாகச் சொன்னவர்கள் பதினொருவரே. 95 சதவீதம் என்பதே பலர் சொன்ன விடை.

நீதிமன்ற எண்களைத் தனியொரு கூட்டத்தில்தான் பேச இயலும். ஒரு கொலை வழக்கில் நிகழ்தகவு கையாளப்பட்ட முறை குறித்து 2001இல் பிரிட்டனின் ராயல் புள்ளியியல் சங்கமே வெளிப்படையாகக் கவலை தெரிவிக்க நேர்ந்தது என்பதை மட்டும் நினைவூட்டி, என் கோரிக்கைக்கு வருகிறேன்.

ஆசிரியப் பெருமக்களே, இடமில்லை என்று நீங்கள் சொல்வதை நான் அறிவேன். ‘7,000 பேரில் ஒருவருக்கு இருந்தது, இருவருக்கு ஆகிறது’ என்பது ஒரு வரிகூட இல்லை. ஆய்வு நிறுவனத்தின் செய்திக்குறிப்பில் அந்த எண் இல்லையென்றால், தொலைபேசியில் கேளுங்கள்; கிடைக்கவில்லையென்றால், கிடைக்கவில்லை என்றே அச்சிடுங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்னும் சொல்லைச் செய்தி அறைகளில் எழுதி மாட்டவேண்டும் என்று நான் பல மேடைகளில் கேட்டு வருகிறேன், இங்கும் கேட்கிறேன்.

அவைத்தலைவரின் இசைவோடு தீர்மானத்தைப் படிக்கிறேன்: “உடல்நலம், குற்றம், விபத்து ஆகியவை பற்றிய செய்திகளில் உயர்வோ குறைவோ சதவீதத்தில் தரப்படும்போது, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை பேரில் எத்தனை பேர் என்னும் எண் அதே பத்தியில் தரப்பட வேண்டும் என்று இந்த அவை கேட்டுக்கொள்கிறது.” இதன் படிகள் வாயிலருகே உள்ள மேசையில் இருக்கின்றன. முதல் கையெழுத்தை மருத்துவர் அம்மையார் இட இசைந்திருக்கிறார். அடுத்த கையெழுத்துகளை முன்வரிசையிலிருந்து எதிர்பார்க்கிறேன்.