நல்லவர்கள் வீட்டில் காதல்

எல்லாருக்கும் வணக்கம்.

இந்திக் குடும்பப் படத்தில் காதலுக்கு எதிரி யார் என்று கேட்டால், நம்மில் பாதிப் பேர் அப்பாவாக நடித்த அம்ரீஷ் பூரியின் கண்களைத்தான் நினைப்போம். அந்த அப்பா முறைத்தால் தியேட்டரே கப்சிப். ஆனால் முறைக்கிற அப்பாவைச் சமாளித்துவிடலாம் என்பது என் கட்சி. கோபித்துக்கொள்ளலாம், வீட்டை விட்டு ஓடலாம், பேசாமல் இருக்கலாம். எல்லாரும் நல்லவர்களாக இருக்கிற வீட்டில் என்ன செய்வீர்கள்? யாரோடு சண்டை போடுவீர்கள்? இந்தப் படங்களில் காதல் தள்ளிப்போவதும், சில சமயம் செத்தே போவதும் பெரும்பாலும் அன்பான வீடுகளில்தான். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1994-ல் சூரஜ் பர்ஜாத்யா எடுத்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்தை எடுத்துக்கொள்வோம். பதினான்கு பாட்டு. கல்யாணம், வளைகாப்பு, குழந்தை பிறப்பு என்று மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரே விசேஷம். படத்தில் ஒரு கெட்டவன் கிடையாது. வம்பு பேசும் ஒரு மாமி உண்டு, அவரும் கடைசியில் திருந்திவிடுகிறார். பிரேமும் நிஷாவும் காதலிக்கிறார்கள். பிரேமின் அண்ணிதான் நிஷாவின் அக்கா பூஜா. விஷயம் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, சந்தோஷப்பட்டுத் தங்கைக்கு நெக்லஸ் கொடுக்கிறாள். மற்றவர்களுக்குச் சொல்வதற்குள் மாடிப்படியில் விழுந்து இறந்துபோகிறாள். கையில் பச்சைக்குழந்தை. அக்காள் இடத்தில் தங்கையை வைத்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். கொடுமைக்காரர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. அந்தக் குழந்தையைப் பார்த்தால் நமக்கே அப்படித்தான் தோன்றும். நிஷா அரைகுறையாகக் காதில் வாங்கி, மாப்பிள்ளை பிரேம் என்று நினைத்துத் தலையாட்டுகிறாள். கல்யாணப் பத்திரிகையைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிகிறது.

இப்போது பாருங்கள். பிரேம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் அந்த நிமிடமே விலகிவிடுவான். அப்படிப்பட்ட அண்ணன் என்பதால்தான் பிரேம் சொல்வதில்லை. முகூர்த்த நேரத்தில் நிஷா ஒரு கடிதம் எழுதி, அக்கா கொடுத்த நெக்லஸையும் சேர்த்து, பிரேமிடம் கொடுக்கச் சொல்லி டஃபியிடம் தருகிறாள். டஃபி அந்த வீட்டு நாய். அது கடிதத்தை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறது. கல்யாணம் நிற்கிறது, ஜோடி சேர்கிறது, நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டுகிறோம்.

நாய் சொன்னபடி பிரேமிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அண்ணன் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறப் போயிருப்பான். அத்தனை பேர் அன்பாக வாழும் வீட்டில் உள்ளதை உள்ளபடி தெரியப்படுத்த ஒரு நாய்தான் இருந்தது.

இதே நிலைமையை முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாலேயே, நாயைக் கூப்பிடாமல், ஒருவர் எடுத்துப் பார்த்துவிட்டார். பி.ஆர். சோப்ரா, 1963, 'கும்ராஹ்'. இதிலும் அக்காள் இறந்துபோகிறாள், குழந்தைகள் தவிக்கின்றன. மாலா சின்ஹா, காதலன் சுனில் தத்தை விட்டுவிட்டு அக்காள் புருஷன் அசோக் குமாரைக் கட்டிக்கொள்கிறாள். இங்கே கல்யாணம் நிற்கவில்லை, நடந்துவிடுகிறது. அப்புறம் என்ன என்பதுதான் படமே. பழைய காதலன் திரும்பி வருகிறான், அவள் மறைந்து மறைந்து சந்திக்கிறாள், ஒருத்தி வந்து மிரட்டிப் பணம் பிடுங்குகிறாள். கடைசியில் பார்த்தால் அந்த மிரட்டல்காரி கணவனின் செக்ரட்டரி. கணவர்தான் எல்லாவற்றையும் நடத்தியிருக்கிறார். படம் அவரைப் பெருந்தன்மைக்காரராகத்தான் காட்டுகிறது. ஆனால் அக்காள் குழந்தைகளுக்காகத் தன் ஆசையை விட்டுக்கொடுத்த பெண்ணுக்கு அந்த வீடு வைத்த பரீட்சையைப் பாருங்கள். சாஹிர் லுதியான்வி எழுதி மகேந்திர கபூர் பாடிய பாட்டு ஒன்று இந்தப் படத்தில் உண்டு. மீண்டும் ஒருமுறை அந்நியர்களாகிவிடுவோம், வா என்று தொடங்கும். கூட்டத்தின் நடுவே, கணவனும் இருக்கும்போது, பாடப்படுகிற பாட்டு. அதைக் கேட்டுவிட்டு இந்தப் படத்தைக் குடும்பப் பெருமை பேசும் படம் என்று என்னால் சொல்ல முடியாது.

பி.ஆர். சோப்ராவின் தம்பி யஷ் சோப்ரா. யஷ்ஷின் மகன் ஆதித்ய சோப்ரா. 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' எடுத்த ராஜ்ஸ்ரீயிலும் அப்படித்தான்: தாராசந்த் பர்ஜாத்யா 1947-ல் தொடங்கிய கம்பெனியில் பேரன் சூரஜ். குடும்பத்தைப் பற்றிப் படம் எடுத்தவர்களுக்கு சினிமாவே குடும்பத் தொழில். பெரியவர் பேச்சை மீறினால் வீடு மட்டுமல்ல, வியாபாரமும் உடையும் என்பது தெரிந்தவர்கள். அண்ணன் நிழலில் படம் இயக்கிக்கொண்டிருந்த யஷ், பிரிந்து வந்துதான் சொந்த நிறுவனம் தொடங்கினார்.

அந்த யஷ் 1976-ல் 'கபி கபி' எடுத்தார். அமிதாப் ஒரு கவிஞர், ராக்கியைக் காதலிக்கிறார். பெற்றவர்கள் மனதை நோகடித்து நாம் சந்தோஷமாக இருக்க நமக்கு உரிமையில்லை என்று சொல்லி அவரே விலகுகிறார். யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. கவிதையை விட்டுவிட்டு அப்பாவின் தொழிலைப் பார்க்கப் போய்விடுகிறார். வருஷங்கள் ஓடுகின்றன. தன் மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்பே ஒரு காதலும், அதில் ஒரு மகளும் இருந்தது தெரியவரும்போது அவரால் தாங்க முடிவதில்லை. காதலைத் தியாகம் செய்த மகான், மனைவியின் காதலை மன்னிக்க முடியாமல் நிற்கிறார். தன் மனைவி ராக்கி ஒரு காலத்தில் இதே கவிஞரைக் காதலித்தவள் என்று தெரிந்த சசி கபூரோ, கொஞ்சம் கலங்கினாலும், சீக்கிரமே சிரித்துத் தள்ளிவிடுகிறார். அப்பா அம்மாவுக்காக விட்டுக்கொடுத்த கணக்கை அமிதாப் வசூலித்தது ஒன்றும் அறியாத மனைவியிடம். தியாகத்தைப் பற்றி இவ்வளவு கசப்பான உண்மையைச் சொன்ன வேறு வணிகப் படம் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

சரி, எல்லாரும் காத்திருக்கிற படத்துக்கு வருகிறேன். 1995, அதே ஆதித்ய சோப்ரா எடுத்த 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே'. மும்பை மராத்தா மந்திர் தியேட்டரில் ஆயிரம் வாரங்களைத் தாண்டி ஓடிய படம். ஷாருக் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டேன், அவள் அப்பாவே கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்கிறான். அந்தப் பொறுமை ஜெயித்தது என்றுதான் ஊரே சொல்கிறது. படத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். திட்டம் தோற்றுப்போகிறது. அப்பா உண்மையைக் கண்டுபிடித்து, அறைந்து, வெளியே போ என்கிறார். பையனும் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுகிறான். அங்கே அடிதடியில் ரத்தம் வழிய ரயிலில் நிற்கிறான், கஜோல் கையை விடு என்று அப்பாவிடம் கதறுகிறாள், அப்புறம்தான் பிடி தளர்கிறது.

என்னைக் கேட்டால் அந்தப் படத்தின் மையம் அம்மா ஃபரீதா ஜலால். ஒரு ராத்திரி மகளிடம் தன் கதையைச் சொல்கிறாள். ஆணும் பெண்ணும் சமம் என்று சொல்லி வளர்த்தவர்கள், தம்பிமார் படிக்க வேண்டும் என்று தன் படிப்பை நிறுத்தியதை. நீ பிறந்தபோது உனக்கு இது நடக்கவிடமாட்டேன் என்று சபதம் செய்தேன், பெண்ணுக்குச் சபதம் செய்யவும் உரிமையில்லை என்பதை மறந்துவிட்டேன் என்கிறாள். சொல்லிவிட்டு, அவனை மறந்துவிடு என்று கையேந்துகிறாள். அதே அம்மாதான் பிறகு நகைகளைக் கொண்டுவந்து கொடுத்து, இரண்டு பேரும் ஓடிப்போங்கள் என்கிறாள். ஒரு மனைவி, ஒரு அம்மா, முதல்முறையாகத் தன் சபதத்தைக் காப்பாற்ற வருகிறாள். நம் கதாநாயகன் நல்ல பிள்ளையாக நகையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். அப்பாவின் சம்மதம்தான் வேண்டுமாம், அம்மாவின் சம்மதம் கணக்கில் வராது.

கடைசியாக ஒன்று. 2023-ல் கரண் ஜோஹரின் 'ராக்கி அவுர் ராணி கி பிரேம் கஹானி'. தர்மேந்திராவும் ஷபானா ஆஸ்மியும் முன்னொரு காலத்தில் சிம்லாவில் சந்தித்துப் பிரிந்தவர்கள். பேரனும் பேத்தியும் அவர்களைத் தேடிச் சேர்த்துவைக்கிறார்கள். தள்ளிப்போன காதல் முதுமையில் வந்து சேர்கிறது, தியேட்டர் உருகுகிறது. ஆனால் அந்தப் பெரியவரின் மனைவியாக ஜெயா பச்சன் சிடுசிடுவென்று ஒரு ஓரத்தில் நிற்கிறாரே, அந்த வீட்டையும் வியாபாரத்தையும் அத்தனை வருஷம் கட்டிக்காத்த அந்த அம்மாள் எதையெல்லாம் தள்ளிப்போட்டாள்? அவளை வைத்து யாராவது ஒரு படம் எடுக்கட்டும், முதல் நாள் முதல் காட்சிக்கு நான் டிக்கெட் வாங்குகிறேன்.

நன்றி, வணக்கம்.